நான் மதிப்பெண் குறைத்த வெண்துளை

போன மார்கழியில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். பெரிய போட்டி ஒன்றுமில்லை. ஊரில் உள்ள வாசகர் வட்டம் நடத்துவது. முதல் பரிசே 3000 ரூபாய்தான். அந்த முறை அறிவியல் புனைகதை என்று வைத்துவிட்டார்கள். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு 31 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்த ஆள் அவர்களுக்குத் தெரிந்து நான் ஒருவன்தான் என்பதால் கதைக்கட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ரோபோக்கள், வேற்றுக்கிரகவாசிகள், காதலியின் மூளையைக் கணினியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் என்று வழக்கமான கூட்டம். அதற்கு நடுவில் ஒரு கல்லூரி மாணவி எழுதிய கதை. விண்கலத்திலிருந்து ஒருவன், உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத கருந்துளைக்குள் விழுகிறான். விழுந்தவன், அதற்கு நேர் எதிரான, வெளியே மட்டுமே வர முடிகிற ஒரு வெண்துளை வழியாக வெளியே வருகிறான். வெளியே வருகிற இடம், ஊரில் அவன் அம்மா வீட்டுக் கொல்லையில் இருக்கும் பாழுங்கிணறு. துவைக்கல்லைப் பிடித்து ஏறி, ஈரம் சொட்ட அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த அடுப்படிக் காட்சி நன்றாக இருந்தது. தோசையைத் திருப்பப் போன கரண்டி பாதியில் நிற்பதை மட்டும் நாலு வரி எழுதியிருந்தாள். ஆனால் எனக்குள் இருந்த எம்.எஸ்சி. சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் “அறிவியல் பிழை. வெண்துளை என்பது கருந்துளையின் வெளிவாசல் அல்ல” என்று எழுதி 7 மதிப்பெண் குறைத்தேன். கதை நான்காவது இடத்துக்குப் போனது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. “மார்க்குக்காகக் கேக்கல சார். அந்த ஒரு வரி மட்டும் புரியல. வாசல் இல்லன்னா அது என்னது சார்?” எனக்குப் பிடித்த கேள்வி. பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “கருந்துளைக்குள்ள விழுந்தவன் உயிரோட இருக்கான். அதுக்கு நீங்க ஒண்ணும் எழுதலையே சார்?” ஒரு கதைக்கு ஒரு பொய் சலுகை உண்டு, இரண்டாவது பொய்க்குத்தான் மதிப்பெண் குறையும் என்றேன். நடுவர்கள் இப்படி ஏதாவது விதி வைத்திருப்பார்கள். “ரெண்டும் ஒரே சமன்பாட்டுலேர்ந்துதானே சார் வருது? அப்ப ஒரு பொய்தானே?” என்றாள். குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் குக்கர் வைப்பதில்லை.

அந்தக் கேள்வி போகவில்லை. மூன்று மாதம் கூடவே இருந்தது.

கொல்லைக் கதவு

எனக்கு இந்த விஷயத்தில் பழைய கோபம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதைகளில் வெண்துளைக்குக் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். முன்வாசலில் கருந்துளை, கொல்லையில் வெண்துளை. இந்தப் பக்கம் விழு, அந்தப் பக்கம் எழு. 1979இல் டிஸ்னி எடுத்த ‘தி பிளாக் ஹோல்’ படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். தப்பித்தவர்களின் சிறு கலம் கருந்துளைக்குள் போய், அந்தப் பக்கம் ஒளி பொங்கும் வெண்துளையிலிருந்து வெளிப்பட்டு, ஏதோ ஒரு கிரகத்தை நோக்கிப் போகிறது. படம் முடிந்தது. பேருந்து நிலையத்தில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று எழுதி வைத்திருப்பதைப் போலத்தான். அதற்கப்புறம் எத்தனையோ கதைகள் அதே பலகையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கின்றன.

இது சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். கருந்துளைக்குள் போனவன் திரும்ப மாட்டான் என்பதுதான் அதன் முழு பயங்கரமும். அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அதனால்தான் அவன் கதையைப் பன்னிரண்டு மணிக்கும் தூங்காமல் உட்கார்ந்து பார்க்கிறோம். பின்பக்கம் ஒரு சந்து இருந்தது, அதன் வழியாக வந்துவிட்டான் என்று கூத்துக்காரர் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் ‘கான்டாக்ட்’ நாவலுக்கு நேர்ந்ததை இதற்கு எதிர்முனையாகச் சொல்லுவேன். 1985இல் அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியைத் தன் நண்பரான இயற்பியலாளர் கிப் தோர்னுக்கு அனுப்பினார் சேகன். அதில் கதாநாயகி பூமிக்குப் பக்கத்தில் ஒரு கருந்துளைக்குள் விழுந்து, ஒரு மணி நேரத்தில் வேகா விண்மீன் அருகே வெளியே வருவதாக இருந்தது. மகளின் பட்டமளிப்பு விழா முடிந்து ஊர் திரும்பும்போது காரின் பின்சீட்டில் உட்கார்ந்து படித்த தோர்ன், இது நடக்காது, கருந்துளையை எடுத்துவிட்டு, இரண்டு இடங்களைக் குறுக்குவழியாக இணைக்கும் புழுத்துளையை வையுங்கள் என்றார். சேகன் மாற்றினார். தோர்ன் அதோடு விடாமல், கடந்து போகக்கூடிய புழுத்துளைக்கு என்னென்ன வேண்டும் என்று தன் மாணவர் மைக்கேல் மோரிஸோடு சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். ஒரு நாவலாசிரியரின் சந்தேகத்திலிருந்து ஒரு துறையே கிளைத்தது. சிவப்பு மை பிடிக்கும்போது எனக்குள் ஒரு குட்டித் தோர்ன் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. தோர்ன் மாற்று வழி சொன்னார். நான் மதிப்பெண் மட்டும் குறைத்தேன்.

ஒரு பெருக்கல் குறி

போனில் நான் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். நான் மின்சாரக் கட்டண ரசீதின் பின்புறத்தில் போட்டேன். பெரிய பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். நாலு அறை கிடைக்கும். வலது அறை நாம் இருக்கும் பிரபஞ்சம். மேல் அறை கருந்துளை. இடது அறை நமக்குத் தொடர்பில்லாத இன்னொரு பிரபஞ்சம். கீழ் அறை வெண்துளை. இந்தப் படத்தில் காலம் கீழிருந்து மேலே போகிறது. ஒளி, நாம் போட்ட கோடுகளைப் போலவே சரியாகச் சாய்வாகத்தான் போகும். ஒளியை முந்த முடியாது என்பதால் எந்த மனிதனின் பாதையும் அந்தச் சாய்வைவிடப் படுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டுக்கு 1916இல் கார்ல் ஷ்வார்ஸ்சில்டு கண்டுபிடித்த தீர்வை, 1960இல் மார்ட்டின் குருஸ்கல் முழுவதுமாக விரித்துப் பார்த்தபோது கிடைத்த படம் இது.

இப்போது வலது அறையில் பென்சிலை வைத்து மேலே நகர்த்துங்கள். மேல் அறைக்குள் நுழைய முடிகிறது. நுழைந்த பிறகு எப்படிச் சாய்த்தாலும் கூரையில்தான் போய் முட்டும். அந்தக் கூரைதான் கருந்துளையின் மையம். சூரியன் அளவு நிறை உள்ள கருந்துளை என்றால், எல்லையைத் தாண்டிய பிறகு அதில் முட்ட ஒரு நொடியில் லட்சத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. கீழ் அறையிலிருந்து கிளம்பினால் வலதுக்கோ இடதுக்கோ தாராளமாக வரலாம். ஆனால் வலதிலிருந்து கீழே போக வேண்டுமானால் பென்சில் கீழ்நோக்கிப் போக வேண்டும். அதாவது காலத்தில் பின்னால். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு வர வேண்டுமானாலும் அப்படித்தான். குறுக்கே இடது அறைக்குத் தாவலாம் என்றால் அதுவும் ஆகாது; அந்த இணைப்பு ஒளி கடக்கும் முன்பே நசுங்கி மூடிவிடும் என்று இயற்பியலாளர்கள் ஃபுல்லரும் வீலரும் 1962இல் காட்டிவிட்டார்கள்.

ஆக, வெண்துளை கருந்துளைக்கு அந்தப் பக்கம் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. அது ஓர் இடம் என்று நினைப்பதில்தான் கதைகள் தடுக்குகின்றன. உண்மையில் அது ஒரு நேரம், நம் இறந்தகாலத்தில் கிடக்கும் நேரம். கருந்துளையைப் படம் பிடித்து ரீலைத் திருப்பி ஓட்டினால் வருவது. அதற்குள் எதுவும் போக முடியாது. அதிலிருந்து வரத்தான் முடியும். தள்ளிவிடும் என்றுகூடப் பலர் எழுதுகிறார்கள். வெளியே நின்று பார்த்தால் அதற்கும் ஈர்ப்புதான் உண்டு, அதே நிறையுள்ள எந்தப் பொருளையும் போல. அதைச் சுற்றி ஒரு கிரகம் ஒழுங்காக வட்டமடிக்கலாம். அதை நோக்கி விழலாம். போய்ச் சேரத்தான் முடியாது.

எல்லாம் சரியான விளக்கம். அன்றைக்கு ரசீதை மடித்து வைத்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

‘பம்பரம் போல’

மூன்று மாதம் கழித்து, பழைய காகிதங்களைக் கழிக்கும்போது அந்தக் கதையின் பிரதி கையில் கிடைத்தது. அடுப்படிக் காட்சிக்காகத்தான் திரும்ப எடுத்தேன். முதல் பக்கத்தின் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். “அந்தக் கருந்துளை பம்பரம் போலச் சுழன்றுகொண்டிருந்தது.”

இதை நான் முதல் வாசிப்பில் வர்ணனை என்று கடந்து போயிருந்தேன். என் பெருக்கல் குறி முழுக்கச் சுழலாத கருந்துளைக்கானது. சுழலும் கருந்துளைக்கான தீர்வை நியூசிலாந்துக்காரரான ராய் கெர் 1963இல் கொடுத்தார். அதை விரித்தால் பெருக்கல் குறி கிடைப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக முடிவில்லாமல் அடுக்கிக்கொண்டே போகும் கோபுரம் கிடைக்கிறது. மையமும் புள்ளியாக இல்லாமல் வளையமாகிவிடுகிறது. விழுபவன் அதில் முட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லையைத் தாண்டி, உள்ளே இருக்கும் இரண்டாவது எல்லையையும் தாண்டி, மேலே போய், ஒரு வெண்துளை வழியாக வெளியே வரலாம். சமன்பாடு அதை அனுமதிக்கிறது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இதை நான் படித்தேன். தேர்விலும் எழுதியிருக்கிறேன். வங்கியில் மறந்துபோனது வட்டிக் கணக்கைத் தவிர மற்ற எல்லாமும்.

நடைமுறையில் இது ஆகாது என்பது வேறு விஷயம். அந்த உள் எல்லையை நெருங்குபவனுக்கு வெளிப் பிரபஞ்சத்தின் மிச்ச வரலாறு முழுக்க ஒரே கணத்தில் வந்து கொட்டும். அத்தனை ஒளியும் அளவில்லாத ஆற்றலாகச் செறிந்து, அந்த வழியையே சிதைத்துவிடும். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1960களின் கடைசியிலேயே இதைக் கவனித்தார். 1990இல் எரிக் பாய்சனும் வெர்னர் இஸ்ரேலும் கணக்குப் போட்டு இன்னும் உறுதியாக்கினார்கள். ஆனால் உயிரோடு விழுவதற்கு நான் சலுகை கொடுத்தாகிவிட்டது. அதே சலுகையில் இதுவும் அடங்கும். ஒரே சமன்பாடு, ஒரே பொய். அந்தப் பெண் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. போனில் நான் குக்கரை இழுத்ததும் நினைவுக்கு வந்து, அந்த இரவு சாப்பாடே இறங்கவில்லை.

கதையில் பிழை இருந்தது. நான் கோடு போட்ட இடத்தில் இல்லை. கெர் கோபுரத்தில் வெண்துளை வழியாக வெளியே வருபவன் வேறொரு பிரபஞ்சத்தில்தான் வருவான். கிளம்பிய பிரபஞ்சம் அவனுக்குக் கீழே, கடந்துபோன மாடியாகக் கிடக்கும். அந்தக் கோபுரத்தில் படிக்கட்டு மேலே மட்டும்தான். வெளியே வரலாம், வீட்டுக்கு வர முடியாது. நான் பிழை என்று வெட்டிய வாசல் சரி. நான் ரசித்த அடுப்படிதான் முடியாதது.

திருப்பி எழுதிய பெயர்

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயம் ஒன்று வானியற்பியலாளர் ஜயந்த் விஷ்ணு நார்லீகரைப் பற்றியது. அவரை பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாய்லின் கூட்டாளியாக, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற நிலைமாறாப் பிரபஞ்சக் கொள்கைக்காரராகத்தான் எனக்குத் தெரியும். மராத்தியில் அறிவியல் கதைகள் எழுதினார் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே ஆண்டில் ஒட்டிக்கொண்டது தெரியாது. 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் ஓர் அறிவியல் கதைப் போட்டி நடத்தியது. நார்லீகர் தன் பெயரைப் போட்டால் நடுவர்கள் தடுமாறுவார்கள் என்று நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் கதை அனுப்பினார். ஜ.வி.நா. என்பதைத் திருப்பிப் போட்டால் நா.வி.ஜ. கதைக்குத்தான் முதல் பரிசு. கதையின் பெயர் ‘கிருஷ்ண விவர்’. அதாவது கருந்துளை.

அதே 1974இல், பம்பாயில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருந்த நார்லீகர், அப்பா ராவ், நரேஷ் ததீச் ஆகிய இருவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் பொருள், வெண்துளைகளிலிருந்து வரும் உயர் ஆற்றல் கதிர்வீச்சு. வானத்தில் தெரியும் சில பெரும் வெடிப்புகளுக்கு வெண்துளைகள் காரணமாக இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் யோசித்தவர்கள் உண்டு. 1964இல் சோவியத் ஒன்றியத்தில் இகோர் நோவிகோவ், அடுத்த வருடம் இஸ்ரேலில் யுவால் நேமன் இருவரும், அப்போது புதிராக இருந்த, வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் குவாசர்கள் பெருவெடிப்பில் பங்கெடுக்காமல் பின்தங்கிவிட்ட, தாமதமாக வெடிக்கும் துண்டுகளாக இருக்கலாம் என்றார்கள். குவாசர்கள் கடைசியில் கருந்துளைகளின் சாப்பாட்டு நேரம் என்று ஆனது. பிரபஞ்சத்திலேயே அதிகம் கொட்டுகிறது என்று நினைத்தது, அதிகம் விழுங்குகிறதாக இருந்தது.

ஆக ஒரே மனிதர், ஒரே வருடம். ஆய்வுக்கு வெண்துளை, கதைக்குக் கருந்துளை, பெயரையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் போட்டு. அவர் இதை வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலா என்று எனக்கு ஆராய விருப்பமில்லை. நார்லீகர் 2025 மே மாதம் புனேயில் காலமானார். பெயரை மறைத்து வந்த கதைக்குப் பரிசு கொடுத்த அந்த 1974 நடுவர்களை நினைத்துச் சற்றுப் பொறாமைப்பட்டேன்.

தட்டில் ஒரு வெண்துளை

கதைகளிலேயே வெண்துளையின் குணத்தைப் பிடித்தது எது என்று கேட்டால், என் ஓட்டு ஒரு கோமாளித்தனத்துக்குத்தான். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘ரெட் டுவார்ஃப்’ தொடரில் 1991இல் வந்த ஒரு பகுதிக்குப் பெயரே ‘வெண்துளை’. அங்கே வெண்துளை காலத்தைக் கக்குகிறது. கப்பலில் நேரம் முன்னும் பின்னும் இழுபடுகிறது. ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே காலம் துள்ளிவிட, “அப்ப அது என்ன?” என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடைசியில் ஒரு கிரகத்தை இன்னொன்றின் மேல் மோதவிட்டு, பில்லியர்ட்ஸ் ஆட்டம் போல, வெண்துளையை அடைத்துவிடுகிறான் தொடரின் நாயகன் லிஸ்டர். வெண்துளைக்குள் எதையும் போட முடியாது என்பதால் இதுவும் தப்புதான். ஆனால் இயற்பியலாளர் டக்ளஸ் எர்ட்லி 1974இல், ஆம், அதே வருடத்தில், காட்டியது என்ன? பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் வெண்துளைகள் இருந்திருந்தாலும், சுற்றியுள்ள பொருளும் ஒளியும் அவற்றின் எல்லையில் போய்க் குவிந்து, ஆற்றல் பெருகி, விரைவிலேயே அவற்றை மூடிக் கருந்துளைகளாக ஆக்கிவிடும் என்று. வாயில் மண்ணைப் போட்டு மூடுவதற்கு இதைவிடக் கண்ணியமான அறிவியல் இல்லை. பீர் குடிக்கும் லிஸ்டர் விளையாட்டாகச் செய்தது ஏறக்குறைய இதுதான்.

அண்ணன் மகன் விளையாடும் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ என்ற விளையாட்டையும் ஓரமாகச் சொல்ல வேண்டும். 2019இல் வந்தது. ஒரு கிரகத்தின் நடுவில் கருந்துளை. காலடித் தரை உடைந்து அதில் விழுந்தால், சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் ஒரு வெண்துளையிலிருந்து வெளியே வருகிறோம். மறுபடி கொல்லைக் கதவா என்று அலுத்துக்கொண்டேன். “பொறு சித்தப்பா” என்றான். அதில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள்: உள்ளே போவதற்கு ஒரு துளி நேரம் முன்பாகவே பொருள் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகிறது. முழுக் கதையும் அந்தத் துளி நேரத்தில்தான் தொங்குகிறது. இதற்கு மேல் சொன்னால் அவன் என்னோடு பேச மாட்டான்.

இந்த விஷயத்தை வெறும் கணக்கு என்று விட்டுவிடாமல் என்னைப் பிடித்து வைத்தது எங்கள் சமையலறைத் தொட்டி. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் குழாயை மிதமாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி மெல்லிய, வழுவழுப்பான வட்டம் தெரியும். அதன் ஓரத்தில் தண்ணீர் சட்டென்று தடித்து ஒரு வரப்பு மாதிரி எழும். வரப்புக்கு வெளியே விரலால் தட்டி அலை எழுப்புங்கள். அலை ஓடிவந்து வரப்போடு நின்றுவிடும். சோப்பு நுரையைப் போட்டுப் பாருங்கள். வரப்பைச் சுற்றிக் காவல் நிற்குமே தவிர உள்ளே போகாது. உள்ளே தண்ணீர் வெளிநோக்கி ஓடும் வேகம், அந்தத் தண்ணீரில் அலை போகும் வேகத்தைவிட அதிகம். அதனால் வெளியிலிருந்து எந்தச் செய்தியும் நடுவுக்குப் போய்ச் சேராது. இதையே சிலிக்கோன் எண்ணெயில் செய்து, நடுவே ஊசியை வைத்து, அதன் பின்னால் விரியும் கோணத்தை அளந்து, இது வெண்துளையின் எல்லைக்கு ஒப்பானது என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். தினமும் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் இது இவ்வளவு நாள் இருந்திருக்கிறது. பல் குத்தும் குச்சியை அந்த வட்டத்துக்குள் வைத்தேன். அம்புமுனை மாதிரி ஒரு கோடு, முழுக்க வெளிநோக்கி விரிந்தபடி. வீட்டில் “தண்ணிய மூடுங்க, டேங்க் காலியாகுது” என்று குரல் வந்தது.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. வெளியிலிருந்து அந்த வட்டத்துக்குச் செய்தி போகாது, சரி. வட்டத்தின் நடுவில் விழுவது என்ன என்று வரப்புக்கு வெளியே இருக்கும் நுரைக்கு எப்படித் தெரியும்? குழாயில் துரு வரலாம், குளோரின் வரலாம், டேங்கில் விழுந்த இலை வரலாம். வெண்துளை அப்படித்தான். அதன் மையம் நம் இறந்தகாலத்தில் மூடப்படாமல் திறந்து கிடக்கிறது. சமன்பாடுகள் அந்த மையத்தில் செயலிழந்துவிடுவதால், அதிலிருந்து அடுத்த நொடி என்ன வரும் என்று கணக்குப் போடவே வழியில்லை. என்ன வேண்டுமானாலும் வரலாம். கருந்துளையின் பயம் நமக்குத் தெரிந்ததுதான். வெண்துளையின் பயம் வேறு மாதிரி. அதில் யாரும் அனுப்பாத ஒன்று வந்து நிற்கும்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். கதையில் நான் குறித்த இடத்தில் பிழை இல்லை, பிழை என்னுடையது, சுழலும் கருந்துளை என்பதைக் கவனிக்கவில்லை, வாசகர் வட்டத்துக்கும் எழுதிவிட்டேன் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். கெர் தீர்வின்படி உங்கள் ஆள் வேறு பிரபஞ்சத்தில்தான் வருவான், அம்மாவிடம் வர முடியாது என்பதையும் சேர்த்தேன். வேறு வழி வேண்டுமானால் இயற்பியலாளர்கள் ரொவெல்லியும் ஹேகர்டும் 2014இல் சொன்ன கருத்து இருக்கிறது, கருந்துளையே கடைசியில் குவாண்டம் விளைவால் எகிறி வெண்துளையாக மாறலாம் என்று. அப்போது இதே பிரபஞ்சத்தில்தான் வெளியே வருவான், ஆனால் உள்ளே அவனுக்குக் கண நேரம் ஆகும்போது வெளியே பிரபஞ்சத்தின் இப்போதைய வயதான 1380 கோடி ஆண்டுகளைவிடப் பல மடங்கு காலம் ஓடியிருக்கும் என்றும் விவரமாக எழுதினேன். பிரம்மலோகத்துக்குப் போய் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு வருவதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் கழிந்து, மகள் ரேவதிக்குப் பார்த்து வைத்த மாப்பிள்ளைகளின் பேரன்கள்கூட மிஞ்சாமல் போன அரசன் ககுத்மியின் கதையை உதாரணமாகக் கொடுத்தேன். (புராணத்திலேயே ரிலேட்டிவிட்டி இருக்கிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாகவதம் எழுதியவருக்குக் கதை சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.) வெண்துளையிலிருந்து என்ன வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் கடைசி வரியில், ஏதோ தோன்றி, எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “வேற பிரபஞ்சம்னா அங்கயும் ஒரு கிணறு இருக்கும்ல சார்?”

ஒரு மாதத்தில் திருத்திய கதையை அனுப்பினாள். விண்கலம் இல்லை. கருந்துளை இல்லை. விழுகிறவனே இல்லை. அதே ஊர், அதே அடுப்படி, அதே அம்மா. ஒரே ஒரு மாற்றம், இந்த அம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது. கல்யாணமாகி முப்பது வருடம், போகாத கோயில் இல்லை, அதையெல்லாம் இரண்டு வரியில் முடித்திருந்தாள். விடிகாலையில் கொல்லைக் கிணற்றிலிருந்து வெளிச்சம் வருகிறது. துவைக்கல்லைப் பிடித்து ஒருவன் ஏறி வருகிறான். அடுப்படி வாசலில் நின்று “அம்மா” என்கிறான். தோசைக் கரண்டி பாதியில் நிற்கிறது, பழைய கதையின் அதே நாலு வரி. அவள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். அப்புறம் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொல்கிறாள்: “யாரு பெத்த புள்ளையோ, ஈரத் தலையோட நிக்கிற. துண்டு கொடியில கெடக்கு பாரு.”

வெண்துளையிலிருந்து வருகிறவன் ஈரமாக இருக்க வாய்ப்பே இல்லை, ஆவியாகிக்கூட வரமாட்டான் என்று ஓரத்தில் எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். கிணறாயிற்றே என்று விட்டுவிட்டேன்.